யாரும் எழுதாத மேப்பிங்

ஆகஸ்ட் 4, 2025 – திங்கள்

பெட்டிகள் வந்துவிட்டன. எட்டு. லாரிக்காரர் ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். வார்டுபாய் வந்து என்னைத் திட்டினான். நான் யாரைத் திட்டுவது? நானும் சித்தார்த்தனும் ஸ்ட்ரெச்சரில் ஏற்றி சர்வர் ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஸ்கேனுக்கு உட்கார்ந்திருந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். என்ன நினைத்துக்கொண்டாரோ.

இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க எங்கள் இரண்டு பேர் தலையில். சித்தார்த்தன் வந்து மூன்று வருடம். நான் வந்து பத்து.

சாயங்காலம் நிர்வாக அதிகாரி அரசப்பன் சார் கூப்பிட்டார். "எட்டு சர்வரும் புதுசுல ஓடட்டும்மா. அன்னிக்கே ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கோங்க. நான் என்ன உங்கள புடிச்சா வெச்சிருக்கேன்?"

பிடித்துத்தான் வைத்திருக்கிறார். என் கணவர் அந்தோணிராஜுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்து பதினான்கு மாதம். மகள் நிலாவையும் அங்கேயே ஸ்கூலில் சேர்த்தாகிவிட்டது. நான் மட்டும் மரக்காணத்தில் ஒரு ரூம், ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்து, ஜூலையில் சேர வேண்டியது, கெஞ்சிக் கூத்தாடி செப்டம்பர் 15 என்று வாங்கியிருக்கிறேன். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்களாம். "இதுக்கு மேல தள்ள முடியாதுங்க மேடம்" என்றது அங்கே எச்.ஆர். பெண். பாவம், அது மூன்று முறை தள்ளிவிட்டது.

நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 5

ஒரு பெட்டியை மட்டும் பிரித்தேன். சர்வர் மூடி மேல் ஸ்டிக்கரில் உள்ளே என்னென்ன எங்கெங்கே என்று அச்சடித்திருக்கிறது. படித்ததும் பெட்டியைத் திரும்ப மூடிவைத்தேன்.

எனக்கு நானே ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். தலை குழம்பிக் கிடக்கிறது.

எங்களிடம் இருப்பது ஒரு பெரிய இரும்புக் கூடு. சேசிஸ். அதில் பதினாறு அறை. எட்டு அறையில் எட்டு ஒல்லி சர்வர், பிளேடு என்போம், சொருகியிருக்கிறது. ஒயர் எதுவும் பிளேடில் நேராக மாட்டுவதில்லை. கூட்டின் பின்பக்கம் இருக்கிற மாட்யூல்கள்தான் அதை நெட்வொர்க்கோடும் ஸ்டோரேஜோடும் சேர்த்துவைக்கும். முகவரி எல்லாம் அறைக்குத்தான், மெஷினுக்கு இல்லை. பழைய பிளேடை உருவிவிட்டுப் புதிதைச் சொருகினால் பழையவனின் பெயரிலேயே இவனும் போவான். ஸ்கேன், லேப் ரிப்போர்ட் எல்லாம் படுத்திருக்கிற ஸ்டோரேஜ், தெரிந்த ஆள்தான் என்று கதவைத் திறந்துவிடும். விற்க வந்தவன் சொன்னான், சட்டை மாத்தற மாதிரி என்று.

அப்படி இல்லை. நெட்வொர்க் இணைப்பு வரிசைப்படி உட்காரும். முதலாவது முதல் போர்ட்டில், இரண்டாவது இரண்டாவதில். ஸ்டோரேஜ் அப்படிக் கிடையாது. பிளேடுக்குள் ஸ்டோரேஜ் கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பின்னால் எந்த மாட்யூலைத் தொடும் என்பது. ஒன்றாம் ஸ்லாட் என்றால் மேல் மாட்யூல். இரண்டு என்றால் கீழ் மாட்யூல். கார்டு மேலேயும் கேபிள் கீழேயும் இருந்தால் இரண்டும் ஜென்மத்துக்கும் பார்த்துக்கொள்ளாது.

புதிய எட்டு பிளேடிலும் கார்டு ஒன்றாம் ஸ்லாட்டில். எங்கள் டாக்குமெண்டைப் பார்த்து ஆர்டர் போட்டிருக்கிறார்கள். டாக்குமெண்டில் அப்படித்தான் இருக்கிறது.

நிஜத்தில் எங்கள் கேபிள் கீழே இருக்கிறது. மாற்றினது நான்தான்.

2020 நவம்பர், நிவர் புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஐ.சி.யூ.வுக்கே சரியாகிவிட்டது. சர்வர் ரூம் ஏ.சி. செத்துவிட்டது. சூடு தாங்காமல், உப்பளத்தைப் பார்த்தாற்போல் இருக்கிற பின்கதவைத் திறந்துவைத்தோம். வெளியூர்க்காரன் யாரும் செய்ய மாட்டான் அதை. எங்களுக்கு அந்த உப்புக் காற்று பழக்கம், தோன்றவே இல்லை. பத்து நாள் கழித்து ஸ்டோரேஜ் விட்டு விட்டுக் காணாமல் போக ஆரம்பித்தது. திறந்து பார்த்தால் ஒன்றாம் ஸ்லாட்டின் பல் எல்லாம் பச்சை பூத்திருந்தது. மேல் மாட்யூலும் அப்படியே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒருத்தியே உட்கார்ந்து எட்டு கார்டையும் இரண்டாம் ஸ்லாட்டுக்கு மாற்றி, கேபிளைக் கீழ் மாட்யூலுக்கு இறக்கி, எது எங்கே போகிறது என்கிற புரொஃபைலைத் திருத்தினேன். ஓடியது. இன்றுவரை ஓடுகிறது.

எழுதிவைக்கத்தான் நினைத்தேன். அதற்குள் ஜனவரி வந்தது. ஆள் குறைப்பு. எனக்கு மேலே இருந்த வெங்கடாசலம் சாரை அனுப்பினார்கள். அவர் எல்லாவற்றையும் மூன்று ஃபைலில் அழகாக எழுதிவைத்திருந்தார். ஃபைல் இருக்கிறது, இனி ஆள் எதற்கு என்றுவிட்டார்கள். அன்றைக்கு எனக்குப் புத்தி வந்தது. இது என் தலைக்குள் இருக்கிறவரை என் மேல் எவனும் கை வைக்க மாட்டான்.

வைக்கவில்லை. விடவும் இல்லை.

ஆகஸ்ட் 6

மூடி மேல் சீல். கம்பெனி ஆள் தவிர யார் பிரித்தாலும் வாரண்டி கிடையாது. நானே யாருக்கும் தெரியாமல் கார்டை மாற்றலாம் என்று நினைத்தது அதோடு போயிற்று.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

காலை ஆறு மணி பூசைக்குப் போகவில்லை. ஓ.பி. இல்லாத நாள் என்பதால் இன்று ஒரு பிளேடு மட்டும் மாற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. கம்பெனியிலிருந்து சிலம்பரசன் என்று ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர். வாட்டர் பாட்டிலை சர்வர் ரூமுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார், அதிலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாம் அறையில் சொருகினார். முதல் இரண்டு நெட்வொர்க் இணைப்பு வந்தது. மூன்றும் நான்கும் வரவில்லை. பழைய பிளேடில் நான்கு போர்ட், புதியதில் இரண்டுதான், அதனால் வரிசையில் பின்னால் நின்ற இரண்டுக்கும் இடமில்லை. அதை அவரே கண்டுபிடித்தார், ஒவ்வொரு போர்ட்டையும் இரண்டாகப் பிரித்துக் கையால் கொடுத்தார். முடிந்தது. ஸ்டோரேஜ் மட்டும் 'மேப் ஆகவில்லை' என்றே நின்றது.

பின்னால் போய் டார்ச் அடித்தார். "ஏங்க, கேபிள் கீழ இருக்குது. டாகுமெண்ட்ல மேலன்னு இருக்கே. யாரு மாத்தனது?"

சித்தார்த்தன் தரையைப் பார்த்தான்.

நான் சொன்னேன்: "தெரியல சார். வெங்கடாசலம்னு ஒருத்தர் இருந்தாரு. அவர் மாத்தியிருப்பாரு."

சொல்லிவிட்டேன். இரண்டு விநாடி கூட யோசிக்கவில்லை.

சிலம்பரசன் ஒரு உபரி கேபிளை எடுத்து மேல் மாட்யூலில் போட்டார். லைட் எரியவில்லை. எப்படி எரியும். பழைய பிளேடைத் திருப்பிச் சொருகிவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 11

சிலம்பரசன் ரிப்போர்ட்: சேசிஸ் பழுது. மாற்ற வேண்டும்.

"அப்ப கார்டை மட்டும் ரெண்டாவது ஸ்லாட்டுக்கு மாத்தினா போதாதாங்க?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி போனில் கேட்டேன். "மாத்தலாம் மேடம். ஆனா டாகுமெண்ட்ல இல்லாத லேஅவுட்டுக்கு எங்க கம்பெனி சைன் பண்ணாது. யாரு மாத்தினாங்களோ அவங்க, ஏன் மாத்தினோம், எதெது எங்க போகுதுன்னு முழுசா எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தா பண்ணலாம். அவருதான் இல்லையே."

அவர் இல்லைதான். அவள் இருக்கிறாள்.

அரசப்பன் சார் ஃபைலை மூடிக்கொண்டே சொன்னார்: "சேசிஸ் வர மூணு மாசம் ஆகுமாம். நவம்பர் புயல் சீசன் வேற. பொங்கல் முடிஞ்சி பாத்துக்கலாம்மா. ஓசூர் எங்க ஓடிடப் போவுது?"

பொய் சொல்லி என் காலை நானே கட்டிக்கொண்டேன். என்ன ஜென்மம் நான்.

ஆகஸ்ட் 13

ராத்திரி நிலா போன் பண்ணினாள். ஆறாங்கிளாஸ் போனதிலிருந்து குரலே மாறிவிட்டது.

"வருவியாம்மா? தேதி சொல்லு."

"செப்டம்பர் பதினைஞ்சு."

"போன தடவையும் ஜூலை ஒண்ணுன்னு சொன்ன. நான் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிட்டு பல்பு வாங்கினேன்."

பிறகு அந்தோணிராஜ் வாங்கினார். நான் விஷயத்தைச் சொன்னேன், வெங்கடாசலம் பேரை இழுத்தது உட்பட. "செல்வி, வேலை போயிடும்னு பயந்து மறைச்ச. இப்ப வேலைய விடறதுக்கும் அதையே மறைக்கற. எதுக்குன்னு எனக்குப் புரியல" என்றார்.

எனக்கும்தான் புரியவில்லை. மானம், வேறென்ன. பத்து வருஷம் நல்லவள் என்று பேர் எடுத்த இடத்தில் திருடி மாதிரி நிற்கணுமே. அத விடு, எழுதினா போதும்ல? எழுதித் தொலையேன்டி. கை வரமாட்டேங்குது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். சித்தார்த்தனும் நானும் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்றோம். ரோட்டில் உப்பு லாரி ஒன்று தார்ப்பாய் கட்டாமல் போனது, அவன் எச்சில் துப்பினான்.

"க்கா, கார்டை மாத்தினது நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

"எப்படிடா?"

"வந்த முதல் வருஷமே தெரியும். கேபிள் டேக்ல இருக்கறது உங்க கையெழுத்து. வெங்கடாசலம் சார் ஃபைல்ல இருக்கறது வேற கை."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லலியோ அதுக்குத்தான்."

எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று இருக்கிறேன் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. சித்தார்த்தன் கிளியனூர்க்காரன். அப்பாவுக்கு உப்பளத்தில் நின்று நின்று இரண்டு காலும் புண், இப்போது வேலைக்குப் போவதில்லை. பெண்டாட்டிக்கு இது ஐந்தாம் மாதம். எங்கேயும் நகர முடியாது அவனால்.

"எழுதாதீங்க க்கா. நீங்க போயிடுவீங்க. எனக்கு இங்க இருக்கறது அது ஒண்ணுதான். எல்லாத்தையும் எழுதிட்டா அப்புறம் நான் எதுக்கு அவங்களுக்கு?"

"எழுதலன்னா என்னை விட மாட்டாங்கடா."

"பொங்கல்வரைக்கும்தானே. புது சேசிஸ் வந்துடும்."

பொங்கல்வரைக்கும்தானே. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அவன் வாயில். கோபம்கூட வரவில்லை எனக்கு. அவன் இடத்தில் நான் நாலே முக்கால் வருஷம் இருந்தவள்.

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 17 – ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. ஃபாதருக்கு மாட்யூலை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த பூசை வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தேன். சாயங்காலம் வரை ஒன்பது பக்கம். எந்த அறை, எந்த முகவரி, எந்த ஸ்லாட், எந்த மாட்யூல், ஏன். எட்டாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'இந்த மாற்றத்தைச் செய்தவர் ம. சகாயசெல்வி. திரு. வெங்கடாசலத்துக்கு இதில் சம்பந்தம் இல்லை. 10ஆம் தேதி நான் சொன்னது பொய்.' நான்கு முறை அழித்தேன். ஐந்தாம் முறை விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 18

கொடுத்துவிட்டேன்.

அரசப்பன் சார் ஒன்பது பக்கத்தையும் நின்றபடியே படித்தார். திட்டுவார், மெமோ கொடுப்பார், போலீஸ் என்பார், என்னென்னவோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் முகத்தில் சந்தோஷம்.

"இவ்ளோதானா? இத எவன் படிச்சாலும் பண்ணலாமாம்மா?"

"பண்ணலாம் சார்."

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். இருவத்தி நாலாந்தேதி சிலம்பரசன் வந்து இந்தப் பேப்பரை மட்டும் பாத்து பண்ணட்டும். நீங்களும் சித்தார்த்தனும் கைய வைக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. ஆவுதான்னு பாப்போம்."

வெங்கடாசலம் சார் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொய் சொன்னாயே என்றுகூடக் கேட்கவில்லை. எட்டாம் பக்கத்தை அவர் படித்தாரா என்றே சந்தேகம்.

ஆகஸ்ட் 19

வெங்கடாசலம் சார் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன். பெரிய முதலியார்சாவடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாராம். சொன்னேன். சிரித்தார். "விடும்மா. ஆனா நீ எழுதாம வெச்சது எனக்குப் பிடிச்சிருக்குது. நான் அதத்தான் பண்ணாம போனேன்." மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு சபாஷ் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

ஆகஸ்ட் 22

சித்தார்த்தன் பேசுவதில்லை. கம்ப்ளைண்ட் டிக்கெட் நம்பர் மட்டும் சொல்கிறான்.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு

ஏழு மணிக்கு ஆரம்பம். என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். பத்து வருஷமாக என் ரூம் அது. ரோட்டில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போனது மட்டும் கேட்டது.

சிலம்பரசன் சீலை உடைத்தார். கார்டை இரண்டாம் ஸ்லாட்டுக்கு மாற்றினார். என் பேப்பரை ரேக் மேல் விரித்து விரல் வைத்துப் படித்தார். ஒன்றாம் அறை. உருவினார், சொருகினார், காத்திருந்தார். முதல் போர்ட், இரண்டாவது. மூன்றையும் நான்கையும் பிரித்துக் கொடுத்தார். ஸ்டோரேஜ். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தே பச்சை தெரிந்தது.

ஐந்தாம் அறையில் ஒருமுறை தடுமாறினார். அங்கே முகவரியில் கடைசி இரண்டு எழுத்து மற்றதைவிட வேறு. எழுந்து போய் சொல்ல வாய் வந்தது. அரசப்பன் சார் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலம்பரசன் பக்கத்தைத் திருப்பினார், நான் எழுதியிருந்த குறிப்பைப் பார்த்தார், சரி செய்தார்.

பதினொன்றே முக்காலுக்கு எட்டும் முடிந்தது. ஸ்கேன் படம் திறக்கிறதா என்று கேட்டார்கள், திறந்தது.

சித்தார்த்தன் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பச்சை ஒவ்வொன்றாக எரிய எரிய, அவன் அதைப் பார்க்கவில்லை. பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 25

காலை ஒன்பது மணிக்குப் போனேன். ஒன்பதேகாலுக்கு ரிலீவிங் லெட்டர் கையில். இந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். பதினான்கு மாதம் அழுது கேட்டது ஒரு டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். பாத்ரூமில் போய் அழுதேன். என்னமோ துரத்திவிட்ட மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 29

ஒரு பெட்டி, ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. தட்டை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சித்தார்த்தன் பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் கொண்டுவந்து விட்டான். "நல்லா இருங்க க்கா" என்றான். நல்லாத்தான் சொன்னான்.

செப்டம்பர் 15

சேர்ந்துவிட்டேன். நிலா காலையில் என் டிபன் பாக்ஸை அவளே கட்டினாள்.

அக்டோபர் 6

இங்கே இரண்டு கூடு. எங்கள் டீம் தலைவி அம்சவல்லி மேடம், அதிர்ந்து பேசாத ஆள். "சேரும்போது நீங்க காட்டின பழைய இடத்து டாகுமெண்ட் பாத்தேன், உங்களுக்கு எழுத நல்லா வருது. இங்க ஒண்ணுமே எழுதினதில்ல. எல்லாத்தையும் எழுதிடுங்க" என்றார். பதினோரு பக்கம் வந்திருக்கிறது. மனசுக்கு நன்றாக இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் இருக்கிறேன்.

அக்டோபர் 16

ஆறாம் அறையில் போர்டு போய்விட்டது. மாற்றியதும் ஸ்டோரேஜ் கிடைக்கவில்லை. இங்கே வேறு காரணம், ஆனால் முழி அதே முழி. மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து, இரண்டு இணைப்பை இடம் மாற்றிப் போட்டுக் கொண்டுவந்தேன். மேடம் கைகொடுத்தார். நாளை டாக்குமெண்டில் ஏற்ற வேண்டும்.

அக்டோபர் 17

மதியம் சித்தார்த்தன் போன்.

"இந்த மாசத்தோட போதும்னுட்டாங்க க்கா. கம்பெனிக்காரங்க சென்னைல இருந்தே பாத்துக்கறாங்களாம். பேப்பர்தான் இருக்குதேன்னாங்க."

திட்டுடா என்றேன். அவன் திட்டவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க க்கா. உங்களுக்கும் புள்ள இருக்குது" என்றான். ஓசூரில் எதுனா இருந்தா சொல்லுங்க என்றான், பிறகு, அப்பாவ விட்டுட்டு எங்க வர்றது என்று அவனே சொல்லிவிட்டு வைத்தான்.

இடத்தில் வந்து உட்கார்ந்தேன். டாக்குமெண்ட் திறந்தே இருந்தது. ஆறாம் அறை என்று தலைப்பு மட்டும் போட்டிருந்தேன். அம்சவல்லி மேடம் போகிற போக்கில் கேட்டார், "செல்வி, முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது மேடம்" என்றேன். தலைப்புக்குக் கீழே 'முன்பு இருந்தபடியே, மாற்றம் இல்லை' என்று எழுதி சேவ் செய்தேன்.